பட்டறை கேள்வி - பதில்: மூன்றாவது தடவையும் ஹெட்டைக் கழற்றணுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்தன. "இதை மாற்றினோம், அதை மாற்றினோம், கோளாறு போகவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீளமாகச் சொல்ல வேண்டியதை நீளமாகவே சொல்லிவிடுகிறேன், மற்றதை நாலு வரியில்.

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: பன்னிரண்டு சக்கர வண்டி. ஐந்து மாதத்தில் இரண்டு தடவை ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றியாகிவிட்டது. இன்னும் ரேடியேட்டரில் தினம் ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது, ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. மெக்கானிக் மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமலே இரண்டு தடவை ஹெட்டைத் தூக்கியிருக்கிறார்கள், அங்கேதான் உங்கள் பணம் போயிருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணாமல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் லூஸ் செய்து, கீழே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடியுங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, ராத்திரி முழுக்க அடியில் இறங்கி நிற்கும், முதலில் அதுதான் சொட்டும். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். தண்ணீர் மேலே ஆயில் ஏடு மாதிரி மிதந்தால் முதலில் தண்ணீரை வைத்து ஆயிலைக் குளிர வைக்கிற ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீரைவிட அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும், ஆஃப் பண்ணிய பிறகு சூட்டில் நிற்கிற தண்ணீர் பிரஷர் ஆயில் பக்கம் திரும்பி வரும். மிதப்பது எதுவும் இல்லாமல், ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தால், ஹோஸ் குளிர்ந்த இன்ஜினிலேயே கல் மாதிரி இறுகினால், அது கேஸ்கட் அல்லது ஹெட்டில் கிராக். இது இரண்டுமே இல்லை, ஆனால் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது என்றால் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்பு உருளை) பக்கம் போங்கள்.

லைனரைப் பார்க்க ஹெட்டைத் தொட வேண்டாம். சம்ப்பை இறக்கிவிட்டு, கைப் பம்பு வைத்து ரேடியேட்டரில் காற்று ஏற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் பிரஷருக்கு மேல் போகக்கூடாது. அரை மணி நேரம் கழித்து கீழே படுத்து டார்ச் அடித்து ஆறு லைனரின் அடியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். லைனருக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து சொட்டினால் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருக்கிறது. லைனரின் உள்பக்கமாகப் பிஸ்டனை நனைத்துக்கொண்டு இறங்கினால் லைனரில் ஓட்டை, இல்லையென்றால் மேலே ஹெட். எந்த சிலிண்டர் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு லைனர் மேல்தான் சந்தேகம், அதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரி. "கூலன்ட் ஊற்றுவதில்லை, போர் தண்ணீர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி ஓட்டிய லைனரை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்க்கிறவர் நல்ல லைனர் என்றுதான் சொல்வார். திருப்பி வெளிப்பக்கத்தைப் பார்த்தால், பிஸ்டன் மோதுகிற பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், ஊசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருக்கும். துரு என்று நினைத்துத் தேய்த்தால் போகாது. பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் மோதும்போது லைனர் அதிர்கிறது, அந்த அதிர்வில் சுவரை ஒட்டிய தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ் உண்டாகி உடைகிறது, உடைகிற ஒவ்வொரு குமிழும் இரும்பைத் துளித் துளியாக எடுக்கிறது. கனரக டீசல் இன்ஜினுக்கென்று வரும் கூலன்ட்டில் இருக்கிற மருந்து லைனர் மேல் ஒரு மெல்லிய படலம் போட்டு இதைத் தாங்கிக்கொள்ளும். வெறும் தண்ணீரால் முடியாது. கூலன்ட் என்றால் கொதித்துப் போகாமல் இருப்பதற்கும் குளிர் நாட்டில் உறையாமல் இருப்பதற்கும்தான் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், லைனரைக் காப்பதுதான் நம் ஊரில் அதன் முதல் வேலை.

கேஸ்கட் ஏன் இரண்டு தடவை போனது என்பதும் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். லைனர் தலை பிளாக்கின் மட்டத்தைவிட ஒரு துளி மேலே நிற்க வேண்டும், எத்தனை பாயிண்ட் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலில் இருக்கும். உட்காரும் இடம் தேய்ந்து லைனர் இறங்கிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கட்டும் நிற்காது. டயல் கேஜ் வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். "கையால தடவிப் பார்த்தேன், சரியா இருக்கு" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பெருந்துறையிலிருந்து ஒரு இளம் மெக்கானிக்: அண்ணா, பழைய வண்டிகளில் மிஸ்ஸிங் வந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்போம். பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியிலும் அப்படிச் செய்யலாமா?

தம்பி, செய்யவே கூடாது. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் போகிற) வண்டி எதிலும் கூடாது, பிஎஸ் 6 மட்டும் இல்லை. லாரி டயரில் நாம் ஏற்றுகிற காற்று சுமார் 8 பார். காமன் ரெயிலில் டீசல் 1600 பார், அதற்கு மேலும் போகிற இன்ஜின்கள் உண்டு. இன்ஜின் ஓடும்போது அந்த நட்டை லூஸ் பண்ணினால் வருவது டீசல் இல்லை, கத்தி.

நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு சீனியர் இருந்தார், எனக்கு டாப்பட் (வால்வு இடைவெளி) வைக்கக் கற்றுக்கொடுத்தவர். ரெயில் பைப்பில் ஈரம் தெரிகிறதே, எங்கே லீக் என்று பார்க்க ஓடுகிற இன்ஜினில் ஆள்காட்டி விரலைப் பைப் மேல் ஓட்டினார். சுருக்கென்றது, கையை எடுத்தார், பார்த்தால் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்த்தார். ராத்திரி கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டீசல் சதைக்குள் பரவியிருந்தது, விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் இதை உன் பட்டறையில் எல்லோருக்கும் சொல்: தோலுக்குள் டீசல் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வலி இல்லாவிட்டாலும், புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனதும் "ஹை பிரஷர் டீசல் கைக்குள் ஏறியிருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். முள் குத்தியது என்று சொன்னால் டிடி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

சரி, மிஸ்ஸிங் எப்படிப் பார்ப்பது? ஸ்கேனர் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராகக் கட் செய்து பார்க்கலாம், எதைக் கட் செய்தும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். ஸ்கேனர் இல்லையா, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் கழித்து, சூடு பார்க்கிற துப்பாக்கியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஆறு வாயிலும் காட்டிப் பார், ஒன்று மட்டும் சூடு ஏறாமல் பின்தங்கும். அப்புறம் ரிட்டர்ன் பைப்பைப் பிரிக்க முடிகிற வண்டி என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு பாட்டில் கட்டி, எதில் டீசல் அதிகமாகத் திரும்புகிறது என்று ஒப்பிடு. லீக் தேட அட்டைதான், கை இல்லை. இன்ஜினை ஆஃப் பண்ணினாலும் ரெயிலில் பிரஷர் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும், மேனுவலில் சொன்ன நேரம் பொறுத்த பிறகுதான் ஸ்பேனரை வைக்க வேண்டும். கழற்றிய வாயை பனியன் வேஸ்ட் வைத்து அடைக்காதே, ஒரு நூல் உள்ளே போனால் புது இன்ஜெக்டரும் போகும், பிளாஸ்டிக் மூடி வாங்கி வைத்துக்கொள். பல வண்டிகளில் புது இன்ஜெக்டர் மேல் எழுதியிருக்கும் குறியீட்டை (கோட்) இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும், ஏற்றாமல் விட்டுவிட்டு இன்ஜெக்டர் சரியில்லை என்று கடையோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு டிரைவர்: யூரியா லைட் எரிந்து வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. பாதி விலைக்கு ஒருவர் கேனில் தருகிறார், அதைத்தான் மூன்று மாதமாக ஊற்றுகிறோம். அதனால் இருக்குமா?

அதனால்தான் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கேனைத்தான். புகையின் நச்சைக் குறைக்க ஊற்றுகிற, நாம் யூரியா என்று சொல்கிற டெஃப் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். அதற்கு வேண்டியது தொழிற்சாலைத் தரத்து யூரியா. பாதி விலைக்குத் தருகிறவர் அதை எங்கே வாங்குவார்? வயலுக்குப் போகிற மானிய யூரியா மூட்டையைக் கரைக்கிறார்கள், அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், 2015 முதல் நம் நாட்டில் விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து போய் புகையைச் சுத்தம் செய்யும் எஸ்சிஆர் கேட்டலிஸ்ட்டில் உட்காரும், டெஃப்பைத் தெளிக்கும் டோசிங் இன்ஜெக்டர் வாயில் வெள்ளையாகக் கட்டி அடைக்கும். சென்சார் புகையைப் பார்த்துவிட்டு இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது, வண்டி இழுக்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். கேட்டலிஸ்ட்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதத்தில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

டேங்கைக் காலி செய்து கழுவி, நல்ல டெஃப் ஊற்றி, டோசிங் இன்ஜெக்டரைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் பழைய எரரை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கேட்டலிஸ்ட் கெடாமல் இருந்தால் திரும்பிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் 32.5 காட்டியது, அதனால் நல்ல சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அளவைத்தான் காட்டும், சுத்தத்தைக் காட்டாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஈசிஎம்மை ஏமாற்ற ஒரு பொட்டி மாட்டித் தருகிறேன் என்று வருகிறவரிடமும் போகாதீர்கள், அது சட்டப்படி தப்பு, எஃப்சி (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டினால் மாட்டுவது நீங்களும் ஓனரும்தான், பொட்டி விற்றவர் இல்லை.

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: ஒரே வருஷத்தில் மூன்று டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சாமான்) போய்விட்டது. கம்பெனி சரக்குதான் போட்டோம்.

டர்போவை மாற்றினீர்கள், ஆயில் வரும் பைப்பை மாற்றினீர்களா? சூட்டில் அந்தப் பைப்புக்குள் ஆயில் கருகிக் கரி கட்டிவிடும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ஒரு குச்சி நுழையாது. போகிற பைப், திரும்புகிற பைப் இரண்டையும் கழற்றி ஊதிப் பாருங்கள். பழைய டர்போவைத் தூக்கிப் போடாமல் இருந்தால் அதன் காற்று பக்கத்து வீலையும் பாருங்கள், இலைகளின் முனை எலி கடித்த மாதிரி தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டருக்குப் பிறகு ஏதோ ஒரு கிளாம்ப் லூஸ், மண் போகிறது, அப்போது லைனரும் ரிங்கும்கூடத் தேய்ந்துகொண்டிருக்கும். அப்புறம், மலை ஏறி வந்த வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்தின உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விடச் சொல்லுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு டிரைவர்: கரும்புகை, புல்லிங் இல்லை. பம்ப் கழற்றி கேலிபரேஷன் போட வேண்டும் என்கிறார்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். அடுத்தது டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ், அடிப்பக்கம் கீறல் விட்டிருக்கும், சோப்புத் தண்ணீர் தெளித்து ரேஸ் செய்தால் நுரைக்கும். இரண்டும் சரி என்றால் பம்ப், நாசில் பக்கம் போகலாம்.

மதுரையிலிருந்து ஒரு பட்டறை உரிமையாளர்: பார்ட்ஸ் கடையில் கமிஷன் தருகிறார்கள், எல்லா மெக்கானிக்கும் வாங்குகிறார்கள். நான் வாங்குவதில்லை, அதனால் கூலி கொஞ்சம் கூடச் சொல்கிறேன், வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார். நான் செய்வது பைத்தியக்காரத்தனமா?

இல்லை அண்ணே. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். தப்பு மெக்கானிக் மேல் மட்டும் இல்லை. கூலி என்று கேட்டால் பேரம் பேசுகிற ஓனர்தான், பார்ட்ஸ் பில்லை வாயைத் திறக்காமல் கட்டுகிறார். ஆறு மணி நேரம் தேடி ஐம்பது ரூபாய் வாஷர் ஒன்றை மாற்றிக் கோளாறைச் சரி செய்தால், "வாஷருக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார், அதே கோளாறுக்கு நாற்பதாயிரத்துக்குப் பார்ட்ஸ் மாற்றியவருக்கு மரியாதை கொடுக்கிறார். இப்படி இருந்தால் பார்ட்ஸில்தான் காசு என்று மெக்கானிக் பழகிவிடுவார், பழகிய பிறகு நல்ல இன்ஜெக்டரும் அவர் கண்ணுக்குக் கெட்டதாகத்தான் தெரியும். கமிஷன் கூடத் தருகிற கடையில்தான் டூப்ளிகேட் பேரிங்கும் இருக்கும், அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கப் பழகிவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவந்தால் பாருங்கள். கோளாறு கண்டுபிடிக்க ஒரு கூலி, வேலை செய்ய ஒரு கூலி என்று பிரித்து, வண்டி உள்ளே வரும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அவர் வேறு இடத்தில் வேலை செய்துகொண்டாலும் முதல் கூலி எனக்கு வந்துவிடும். கழற்றிய பழைய சாமானை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டி வண்டியிலேயே வைத்துவிடுவேன். பார்ட்ஸ் அவரே வாங்கி வரலாம், ஆனால் அவர் வாங்கியதற்கு நான் கேரண்டி இல்லை என்று அதே காகிதத்தில் இருக்கும். முதல் இரண்டு வருஷம் ஆள் குறைந்தது உண்மைதான். இப்போது வருகிறவர்கள் போன் பண்ணிவிட்டு வருகிறார்கள்.

கரூரிலிருந்து ஒரு மெக்கானிக்கின் மனைவி: என் வீட்டுக்காரருக்குக் கை எல்லாம் வெடித்து ரத்தம் வருகிறது. தினமும் டீசலில்தான் கை கழுவுகிறார். சொன்னால் கேட்பதில்லை.

அம்மா, இந்தப் பகுதியை அவர் கையில் கொடுங்கள். டீசலும் பெட்ரோலும் அழுக்கோடு சேர்த்துத் தோலில் இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும், தோல் வறண்டு வெடிக்கும், வெடித்த இடம் வழியாகப் பழைய ஆயில் உள்ளே போகும். ஓடித் தீர்ந்த இன்ஜின் ஆயில் வருஷக்கணக்கில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. அவர் பயப்பட வேண்டும் என்று எழுதவில்லை, தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு முன்னால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் அழுக்கு ஆழமாக ஏறாது. முடிந்த பிறகு மறுபடி கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடட்டும். ஆயில் கழற்றும்போது நைட்ரைல் கையுறை போடலாம், கை உணர்வு போகாது. ஆயில் நனைந்த துணியைப் பேன்ட் பாக்கெட்டில் வைக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வெடிப்பு ஒரு மாதத்தில் ஆறவில்லை என்றால் தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரர்: ஐடிஐ முடித்த இரண்டு பையன்களைச் சேர்த்திருக்கிறேன். முதலில் என்ன கற்றுக்கொடுப்பது?

ஸ்பேனர் கொடுக்கிறதுக்கு முன்னால், டிப்பர் பாடியைத் தூக்கினால் முட்டுக்கட்டை கொடுக்காமல் அடியில் தலையை நீட்டக்கூடாது, கேபினைச் சாய்த்தால் லாக் விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஹோஸ் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. சேஸிஸில் வெல்டிங் வைக்கிற நாளில் பேட்டரி ஒயரைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் பிடுங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதையும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் டாப்பட். ஆறு சிலிண்டரின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, அதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்லி, ஆறாவது சிலிண்டரில் இரண்டு வால்வும் ஆடும்போது ஒன்றாவதை வை, இரண்டாவது சிலிண்டரில் ஆடும்போது ஐந்தாவதை, நான்காவதில் ஆடும்போது மூன்றாவதை என்று ஜோடி ஜோடியாகக் காட்டுங்கள். கம்மின்ஸ் 6 பிடி இன்ஜின் கிடைத்தால் நல்லது, குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.50, ஞாபகம் வைக்கச் சுலபம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நீங்கள் முதலில் சரியாக வைத்துவிட்டு, அவன் விரலில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள், மூடின புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவுகிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பிறகு லூஸாக வைத்து ஒரு தடவை, டைட்டாக வைத்து ஒரு தடவை இழுக்கக் கொடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் கூடவே திரும்பும், அதனால் இறுக்கின பிறகு மறுபடி ஒரு தடவை கேஜ் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சிலிண்டருக்குப் போகணும்.